ஜூன் வேலை: 1,600 மாணவர் அக்கவுன்ட்களை மொத்தமாக மாற்றுவது

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மின் வேலை எனக்கு. நான்கு லேப், ஒரு நூலகம், விண்டோஸ் சர்வர் 2019 ஓடும் இரண்டு டொமைன் கன்ட்ரோலர்கள் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்கள்), மாணவர் அக்கவுன்ட் மட்டும் 1,600 சொச்சம். மற்ற மாதங்களில் மவுஸ் வேலை செய்யவில்லை, பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்றுதான் கூப்பிடுவார்கள். ஜூனில் மட்டும் ஆபீஸிலிருந்து ஒரு எக்செல் ஃபைல் வரும். கூடவே ஒரு வரி: “சார், எல்லாரையும் அடுத்த இயருக்கு மாத்திடுங்க.”

சேர்ந்த புதிதில் அந்த ஒரு வரிக்காக மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு அக்கவுன்டாகத் திறப்பது, திருத்துவது, ஓகே கொடுப்பது. நானூறைத் தாண்டியதும் கண் எதைப் பார்க்கிறது, கை எதை அமுக்குகிறது என்றே தெரியவில்லை. இப்போது அது ஒரு மதிய வேலை. அதிலும் மாற்றம் ஓடுவது ஐந்து, பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் பட்டியலைப் பார்ப்பதில் போகிறது. யார் அதில் இருக்கக் கூடாது என்று பார்ப்பதில்.

கீழே சொல்வது ஆக்டிவ் டைரக்டரி (யூசர்களையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு. பவர்ஷெல் (கட்டளை அடித்து வேலை வாங்கும் விண்டோஸ் கருவி) கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பாதி அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும்.

முதலில் உரிமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்

எல்லா உரிமையும் உள்ள டொமைன் அட்மின் அக்கவுன்டில் உட்கார்ந்து மொத்த மாற்றம் செய்யாதீர்கள். நான் இதற்கென்று தனி அக்கவுன்ட் வைத்திருக்கிறேன். ஆக்டிவ் டைரக்டரி யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையில், மாணவர்கள் இருக்கும் ஓயூவின் (அக்கவுன்ட்களைப் பிரித்து வைக்கும் ஃபோல்டர் போன்றது) மேல் ரைட் கிளிக் செய்தால் ‘டெலிகேட் கன்ட்ரோல்’ என்று வரும். அந்த விசார்டில், அந்த ஓயூவுக்குள் இருக்கும் யூசர்களை மட்டும் மாற்றும் உரிமையை இந்த அக்கவுன்டுக்குக் கொடுத்திருக்கிறேன். என்றாவது தூக்கக் கலக்கத்தில் ஃபில்டரில் ‘எல்லாரும்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியைப் போட்டு, எந்த ஓயூ என்று சொல்ல மறந்தாலும் பிரின்சிபால் அக்கவுன்டுக்கு ஒன்றும் ஆகாது. பேக்கப் ஓடும் சர்வீஸ் அக்கவுன்டுக்கும் ஒன்றும் ஆகாது. உரிமை போதாது என்று சிவப்பு எழுத்தில் திட்டும், அவ்வளவுதான்.

ஓயூக்களின் பெயரையும் இப்போதே சரி செய்துகொள்ளுங்கள். முதலில் ‘முதலாண்டு’, ‘இரண்டாமாண்டு’ என்று வைத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு ஜூனிலும் வீடு காலி செய்வது போல எல்லாரையும் ஒரு ஓயூவிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்க வேண்டியிருந்தது. நான்கு வருடம் கழித்துத்தான் புத்தி வந்தது. இப்போது துறைக்குக் கீழே சேர்ந்த வருடத்தின் பெயரில் பேட்ச் ஓயூ. சேரும் நாள் முதல் போகும் நாள் வரை மாணவர் அதே இடத்தில் இருப்பார். வருடா வருடம் மாறுவது டிஸ்கிரிப்ஷன், லேப் குரூப், லாகின் நேரம், அக்கவுன்ட் முடியும் தேதி ஆகியவை மட்டுமே.

பழைய நிலைக்கு ஒரு நகல்

அன்டூ பட்டன் இங்கே கிடையாது. மாற்றுவதற்கு முன்னால் எடுத்து வைக்கும் நகல்தான் அன்டூ.

யூசர் விவரங்களை எடுக்கும் கெட்-ஏடியூசர் கட்டளையோடு சர்ச்பேஸ் என்று கொடுத்து மாணவர் ஓயூவைக் குறிப்பிடுங்கள். சும்மா ஓட்டினால் பெயர், லாகின் பெயர், எஸ்ஐடி (அக்கவுன்டின் உள் அடையாள எண்) என்று பத்து விவரங்களை மட்டும்தான் கொடுக்கும். டிஸ்கிரிப்ஷன், டிபார்ட்மென்ட், ஹோம் டைரக்டரி, அக்கவுன்ட் முடியும் தேதி எல்லாம் வேண்டுமென்றால் ப்ராப்பர்ட்டீஸ் என்று போட்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காததை ‘காலி’ என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. வந்ததை எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி வழியாக ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) போடுங்கள்.

இங்கே தமிழ்க்காரர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. எங்கள் தமிழ் மன்றத்தின் ஆசைக்காக ஒரு பேட்ச் முழுவதற்கும் டிஸ்ப்ளே நேமைத் தமிழில் வைத்திருந்தோம். லாகின் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வருடம் எடுத்த நகலைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி தானாக எழுதுவது ஆஸ்கி முறையில். அதில் தமிழுக்கு இடமில்லை. கட்டளையின் கடைசியில் என்கோடிங் யூடிஎஃப்8 என்று சேர்த்தால் தீர்ந்தது. மாற்றத்தை ஓட்டுவதற்கு முன்பே ஃபைலைத் திறந்து பார்த்ததால் தப்பித்தேன். நீங்களும் நோட்பேடில் ஒரு முறை திறந்து பாருங்கள். எக்செலில் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

யார் எந்த குரூப்பில் இருக்கிறார் என்ற விவரம் இந்த நகலில் ஒழுங்காக வராது. அந்தக் கட்டத்தில் குரூப் பெயர்களுக்குப் பதில் ஏதோ நீளமான மைக்ரோசாஃப்ட் உள்பெயர் ஒன்று விழுந்திருக்கும். ஒவ்வொரு குரூப்புக்கும் கெட்-ஏடிகுரூப்மெம்பர் ஓட்டித் தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகுப்பு அளவு என்றால்

அறுபது பேருக்கு ஒரே மாற்றம் என்றால் பவர்ஷெல் வரை போக வேண்டியதில்லை. அதே யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையில், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ஒருவரைத் திறந்தால் வருவதைவிடச் சின்னதாக ஒரு பெட்டி வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். டிக் போட்டது மட்டும் எல்லாருக்கும் மாறும், போடாததைத் தொடாது. டிக் போட்டுவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால் அறுபது பேருக்கும் அது காலியாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

லாகின் நேரத்தை மாற்ற நான் இந்தத் திரையைத்தான் நம்புகிறேன். வாரத்தின் 168 மணி நேரத்தையும் ஆக்டிவ் டைரக்டரி 21 பைட்டுகளில் சுருக்கி, அதுவும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் வைத்திருக்கிறது. நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி தள்ளி இருப்பதால் அதைக் கையால் எழுதப் போனால் தலை சுற்றும். பல பேட்ச்களுக்கு ஒரே நேரம் வைக்க வேண்டுமென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரே ஒரு மாணவருக்கு இங்கே மவுஸால் நேரத்தை வரைந்துவிட்டு, அவருடைய லாகன்அவர்ஸ் மதிப்பைப் பவர்ஷெல்லில் எடுத்து, மற்றவர்களுக்கு ரீப்ளேஸ் செய்துவிடலாம்.

ஹோம் ஃபோல்டர் வைக்கவும் இந்தத் திரை வசதி. பாதையின் கடைசியில் சதவீதக் குறிகளுக்கு நடுவில் யூசர்நேம் என்று எழுதினால் ஆளுக்கேற்ற மாதிரி அதுவே மாற்றிக்கொள்ளும், சர்வரில் ஃபோல்டரையும் உருவாக்கிவிடும். இதையே பவர்ஷெல்லில் செய்தால் பாதை மட்டும்தான் பதிவாகும். ஃபோல்டரை உருவாக்குவதும், அதற்கு உரிமை கொடுப்பதும் உங்கள் தலையில்.

எல்லாருக்கும் ஒரே மதிப்பு

ஒரு பேட்ச் முழுவதையும் ‘இரண்டாமாண்டு’ என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கெட்-ஏடியூசரால் பட்டியலை எடுத்து, பைப் குறி போட்டு, மாற்றத்தை எழுதும் செட்-ஏடியூசருக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் நான் அதை நான்கு தடவையாகத்தான் ஓட்டுவேன்.

முதல் தடவை செட் இல்லாமல், வெறும் எண்ணிக்கை. எனேபிள் ஆகியிருக்கும் அக்கவுன்ட்கள் மட்டும் என்று ஃபில்டர் போட்டு, மெஷர்-ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பினால் எத்தனை பேர் என்று சொல்லும். போன வருடம் ஒரு துறைக்கு சர்வர் 63 என்றது, துறைத் தலைவரான ஹெச்ஓடியின் பட்டியலில் 61. ஒரு மாணவர் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார், எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் ஒரு வருடம் நின்று ஜூனியர்களோடு படிக்கிறார். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாமாண்டு சேருகிறவர்கள் ஹெச்ஓடி பட்டியலில் இருப்பார்கள், என்னிடம் இருக்க மாட்டார்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போகும் வரை நான் அடுத்த கட்டளையை அடிப்பதில்லை. மதிய நேரம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். ஆபீஸ், ஹெச்ஓடி, கிளாஸ் அட்வைசர் என்று மூன்று பேருக்கு போன்.

இரண்டாவது தடவை, வாட்இஃப் என்ற சொல்லைக் கட்டளையின் கடைசியில் சேர்த்து ஓட்டுவது. எதையும் மாற்றாமல், யாரையெல்லாம் மாற்றியிருப்பேன் என்று மட்டும் வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். உரிமை இருக்கிறதா, கொடுத்த மதிப்பு செல்லுமா என்பதை வாட்இஃப் சோதிப்பதில்லை. அதனால் மூன்றாவது தடவை ஒரே ஒரு ஆளுக்கு நிஜமாக ஓட்டிப் பார்க்கிறேன். இதற்கென்றே ‘டெஸ்ட்ஸ்டூடன்ட்’ என்று ஒரு அக்கவுன்ட் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. அதில் லேப் மெஷின் ஒன்றில் லாகின் செய்து பார்த்துவிட்டு வந்து, நான்காவது தடவை மொத்தமாக.

இரண்டு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் எல்லாக் கட்டளைகளிலும் சர்வர் என்று போட்டு ஒரே கன்ட்ரோலரின் பெயரைக் கொடுங்கள். ஒன்றில் செய்த மாற்றம் இன்னொன்றுக்குப் போய்ச் சேர நேரமாகும்; அதற்குள் அங்கே சரிபார்த்தால் பழையது தெரியும். ஓடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஓட்டுவோம். ஒரே சைட்டுக்குள் (ஒரே வளாக நெட்வொர்க்) என்றால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வேறு வளாகம், வேறு சைட் என்றால் ஆரம்ப அமைப்பில் 180 நிமிடம் வரை ஆகலாம்.

ஆளுக்கொரு மதிப்பு

ரோல் நம்பர், போன் நம்பர், மெயில் என்று ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மதிப்பு வைக்க வேண்டுமென்றால் சிஎஸ்வி ஃபைல்தான். இம்போர்ட்-சிஎஸ்வி கொடுத்து, ஃபார்ஈச் சுழலுக்குள் ஒவ்வொரு வரியாக எடுத்து செட்-ஏடியூசர். எழுதினால் ஆறேழு வரி. மாட்டிக்கொள்வது அந்த வரிகளில் இல்லை, ஃபைலில்.

அண்ணா பல்கலைக்கழகப் பதிவு எண் 12 இலக்கம். எக்செல் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். 12 ஆனதும் புள்ளி வைத்து, நடுவில் ‘ஈ’ போட்டு, பத்தின் அடுக்காகச் சுருக்கிவிடும். அதை அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரியும் சுருக்கம்தான் ஃபைலில் விழும். ஒரு வகுப்பே ஒரே பதிவு எண்ணோடு வந்து நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கு முன்னாலிருக்கும் பூஜ்யம் போய்விடும். ஆகவே எக்செலில் அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, அப்புறம் எண்களை ஒட்டுங்கள். சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த பிறகு அந்த ஃபைலை எக்செலில் திறக்கவே வேண்டாம். திறந்து மூடும்போது ‘சேமிக்கவா’ என்று கேட்கும், கை தானாக ஓகே கொடுத்துவிடும். எடுத்து வைத்த நகலையும் எக்செலில் திறக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

ஆபீஸ் அனுப்பும் ஃபைலில் ‘ஈசிஇ’ என்ற துறைச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபில்டர் அதை வேறு துறையாகப் பார்க்கும். ஒவ்வொரு மதிப்பிலும் ட்ரிம் போட்டு ஓர இடைவெளியை வெட்டிவிடுங்கள்.

காலிக் கட்டம் இன்னொரு தொல்லை. ஆக்டிவ் டைரக்டரியில் ‘வெறுமை’யை ஒரு மதிப்பாக எழுத முடியாது. ரீப்ளேஸில் காலி வந்தால் பிழை கொடுக்கும். நிஜமாகவே அழிக்க வேண்டுமென்றால் அதற்கு க்ளியர் என்று தனியாக உண்டு. என் ஸ்கிரிப்ட்டில், கட்டம் காலியாக இருந்தால் அதைத் தொடாமல் தாண்டிப் போ என்று எழுதியிருக்கிறேன். நகலிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பும்போது மட்டும், காலியாக இருந்தால் க்ளியர்.

பெயர்க் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்நேம் என்ற கட்டத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் லேப் அசிஸ்டன்ட் கேட்பார். நாங்கள் இனிஷியலை அங்கே போடுகிறோம். இனிஷியல்ஸ் என்றே ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் அது ஆறு எழுத்துக்கு மேல் ஏற்காது. புள்ளியும் இடைவெளியுமாக ஊர், தாத்தா, அப்பா என்று மூன்று இனிஷியல் வைத்திருப்பவர் வந்தால் ஸ்கிரிப்ட் அங்கே நின்றுவிடும்.

இந்த வகை ஸ்கிரிப்ட்டில் நான் செய்த மோசமான தவறு வேறு. சுழலுக்குள் முதலில் பதிவு எண்ணை வைத்து மாணவரைத் தேடி ஒரு வேரியபிளில் (ஸ்கிரிப்ட் ஒரு மதிப்பைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) வைப்பேன், அடுத்த வரியில் அந்த வேரியபிளில் இருப்பவரை மாற்றுவேன். ஒரு பதிவு எண் தப்பாக இருந்தது. தேடல் தோற்றது, சிவப்பு எழுத்து வந்தது, சுழல் நிற்காமல் போனது. வேரியபிளிலோ முந்தைய வரியின் மாணவர் அப்படியே இருந்தார். ஆக, இல்லாத ஆளுடைய போன் நம்பரும் மெயிலும் அதற்கு முந்தைய பெண்ணின் அக்கவுன்டில் ஏறிவிட்டன. அந்தப் பெண் பாஸ்வேர்டு மறந்துபோய் வந்தபோதுதான், பதிவில் இருந்த நம்பர் அவருடையது இல்லை என்று தெரிந்தது. இப்போது சுழலின் முதல் வரியே அந்த வேரியபிளைக் காலி (நல்) ஆக்குவது. தேடலுக்கு எரர்ஆக்ஷன் ஸ்டாப் கொடுத்து, பிழையைப் பிடிக்கும் ட்ரை, கேட்ச்சுக்குள் வைத்து, தோற்ற பதிவு எண்களைத் தனி ஃபைலில் எழுதிக்கொள்கிறேன். ஓட்டி முடித்ததும் முதலில் திறப்பது அந்தத் தோல்வி ஃபைலைத்தான்.

முடியும் தேதி

இறுதியாண்டு மாணவர்களுக்கு அக்கவுன்ட் முடியும் தேதி வைத்துவிட்டால், போன பிறகு துரத்திப் பிடித்து மூட வேண்டியதில்லை. ஒரு வருடம் மே 31 என்று செட்-ஏடிஅக்கவுன்ட்எக்ஸ்பிரேஷன் மூலம் வைத்தேன். ஒரு துறைக்குப் புராஜெக்ட் வைவா தள்ளிப்போய் அதே 31-ஆம் தேதி வந்து விழுந்தது. காலை ஒன்பதரைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் உட்கார்ந்திருக்கிறார், ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருவருக்கும் லாகின் ஆகவில்லை. “அக்கவுன்ட் எக்ஸ்பயர்ட்னு வருது சார், நீங்கதான் பண்ணீங்களாமே?” என்று ஹெச்ஓடி போனில்.

நான் கொடுத்தது மே 31. நேரம் எதுவும் கொடுக்காததால் அது 31 தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று பதிவானது. அதாவது 30-ஆம் தேதி இரவோடு கணக்கு முடிந்தது. யூசர்ஸ் அண்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையில் பார்த்திருந்தால் ‘எண்ட் ஆஃப்’ என்று போட்டு மே 30 என்றே காட்டியிருக்கும். அந்தத் திரை நாளின் முடிவைச் சொல்கிறது, பவர்ஷெல் நாளின் தொடக்கத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே பவர்ஷெல்லில் கொடுக்கும்போது கடைசி நாளோடு ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள். மே 31 வரை வேண்டுமென்றால் ஜூன் 1. அன்றைக்கு ஜூன் 15 என்று மாற்றி ஓட்டி, ஐந்து நிமிடத்தில் எல்லாரையும் உள்ளே விட்டேன். எக்ஸாமினருக்கு அதற்குள் இரண்டாவது டீ வந்திருந்தது.

பாஸ்வேர்டு

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். பிறந்த தேதியை வைக்கலாமே என்பார்கள்; வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து வரும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு தற்காலிக பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்டிலேயே உருவாக்கி, துண்டுச் சீட்டாக அச்சடித்துக் கிளாஸ் அட்வைசரிடம் கொடுக்கிறேன். அடுத்த லாகினில் மாற்றியே ஆக வேண்டும் என்ற அமைப்பையும் சேர்த்து வைக்கிறேன். ‘பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்’ என்று ஏற்கெனவே வைத்திருக்கும் அக்கவுன்டுக்கு இது சேராது, முதலில் அதை எடுத்துவிட வேண்டும். சீட்டு கொடுத்து முடிந்த அன்றே அந்த சிஎஸ்வியை அழித்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் ‘நியூ பாஸ்வேர்ட்ஸ் ஃபைனல் 2’ என்று ஒரு ஃபைல் வருடக்கணக்கில் கிடப்பதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

போனவர்கள்

ரொம்ப நாளாக லாகின் ஆகாதவர்களைத் தேடி மூடும்போது லாஸ்ட்லாகன், லாஸ்ட்லாகன்டைம்ஸ்டாம்ப் என்று இரண்டு விவரங்கள் கண்ணில் படும். முதலாவது அந்தந்த டொமைன் கன்ட்ரோலரோடு நின்றுவிடும், மற்றதற்குப் போகாது. மாணவர் நேற்று இரண்டாவது கன்ட்ரோலர் வழியாக லாகின் ஆகியிருந்தாலும் முதலாவது பழைய தேதியைக் காட்டும். இரண்டாவது விவரம் எல்லாக் கன்ட்ரோலருக்கும் பரவும், ஆனால் வழக்கமான அமைப்பில் 9 முதல் 14 நாள் வரை பின்தங்கி இருக்கலாம். அதை வைத்து ‘90 நாளாக வரவில்லை’ என்று தேடலாம், ‘ஒரு வாரமாக வரவில்லை’ என்று தேடக் கூடாது.

கிடைத்தவர்களை டிசேபிள் செய்து, ‘போனவர்கள்’ என்ற தனி ஓயூவுக்கு மூவ் செய்கிறேன். உடனே டெலீட் செய்வதில்லை. டெலீட் செய்துவிட்டு அதே பெயரில் புது அக்கவுன்ட் போட்டால் பெயர்தான் அதே, எஸ்ஐடி வேறு. பழைய ஃபோல்டர் உரிமை, குரூப் எதுவும் ஒட்டாது. ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னை எனேபிள் செய்து வைத்திருந்தால் வழக்கமான அமைப்பில் 180 நாள் வரை திரும்ப எடுக்கலாம். அதை ஒரு முறை எனேபிள் செய்தால் பிறகு அணைக்க முடியாது. அணைக்க வேண்டிய தேவையும் எனக்கு வந்ததில்லை. ‘போனவர்கள்’ ஓயூவை நான் ஜனவரியில்தான் காலி செய்கிறேன். அரியர் வைத்திருப்பவர்கள் நவம்பர்-டிசம்பர் தேர்வில் பிராக்டிகல் எழுத லேப்புக்கு வருவார்கள், பழைய ஃபோல்டரையும் கேட்பார்கள்.